பழைய பாணி நிலவறை ஆட்டம்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் நடுவர், ஆட்டத்தின் உலகில் மற்றவர்கள் காண்பதை அவர் விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, புதையல் தேடி ஒரு நிலவறைக்குள் இறங்குகிறார்கள். இங்கே நான் சொல்லும் விதிகளும் எண்களும் 1981-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் பதிப்பைச் சேர்ந்தவை. டாம் மோல்ட்வே தொகுத்த ‘பேசிக்’, டேவிட் குக்கும் ஸ்டீவ் மார்ஷும் தொகுத்த ‘எக்ஸ்பர்ட்’ என்ற இரண்டு நூல்களையும் சேர்த்து ‘பி/எக்ஸ்’ என்பார்கள். நான் நடுவராக இருந்து நடத்தும் ஆட்டங்களில் புதிதாக வந்து உட்காருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த ஆட்டத்தில் ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். முதல் நிலைப் போர்வீரனுக்கு உயிர்ப்புள்ளி (எவ்வளவு காயம் தாங்குவான் என்ற எண்), ஓர் எட்டுமுகப் பகடையை உருட்டி வருவதுதான். மந்திரவாதிக்கும் திருடனுக்கும் நான்குமுகப் பகடை. ஓர்க் என்ற அரக்க இனத்து ஒருவனின் வெட்டு ஆறுமுகப் பகடை அளவு காயம் தரும். 4 உயிர்ப்புள்ளி உள்ளவன் மேல் ஒரு வெட்டு விழுந்தால் அவன் இறக்கச் சரிபாதி வாய்ப்பு. புள்ளி பூஜ்யத்தைத் தொட்டால் மயக்கம் கிடையாது, மரணம்தான்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட முதல் ஆட்டம், அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பகுதிகளில் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி ஆடிய போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அங்கே ஒரு சிப்பாய் விழுவது சாதாரண விஷயம். அந்த வழக்கம் அப்படியே இங்கும் தொடர்ந்தது. இப்படி இருப்பதால்தான் முதல் அறையைத் தாண்டிய மகிழ்ச்சிக்கே ஒரு மதிப்பு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

புதிய பதிப்புகளும் கணினி விளையாட்டுகளும் ஆடிப் பழகியவன் நான். எந்தப் பழக்கத்தை விட வேண்டும்?

‘எதிரே வைத்திருக்கிறார்கள் என்றால் அடித்து ஜெயிக்க முடியும் என்றுதான் அர்த்தம்’ என்ற நம்பிக்கையை. இங்கே எந்த அறையையும் உங்கள் பலத்துக்கு ஏற்றபடி யாரும் அளந்து வைக்கவில்லை. அந்தக் குகை உங்களுக்கு முன்பே இருந்தது. உங்களுக்குப் பிறகும் இருக்கும்.

பாத்திரம் உருவாக்கும்போது எண்கள் மோசமாக வந்தால்?

பலம், அறிவு, ஞானம், லாவகம், உடல்திடம், கவர்ச்சி என்ற ஆறுக்கும் மூன்று பகடைகளை (வெறுமனே பகடை என்றால் ஆறுமுகப் பகடை) வரிசையாக உருட்டி, விழுந்ததை விழுந்த இடத்தில் எழுதுகிறோம். 8, 9 என்று வந்தால் வருத்தப்பட வேண்டாம். முதல் சில ஆட்டங்களில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த எண்கள் அல்ல, நடுவரிடம் நீங்கள் கேட்கும் கேள்விகள்.

எந்த வகுப்பை, அதாவது பாத்திர வகையை, எடுப்பது என்று கேட்டால், முதல்முறை ஆடுபவருக்குப் போர்வீரனையோ ட்வார்ஃப் என்ற குள்ள இன வீரனையோதான் பரிந்துரைப்பேன். ட்வார்ஃபுக்கு ஒரு தனிச் சிறப்பு: விஷம் ஏறினால் இருபதுமுகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பிழைத்துவிடுவார். போர்வீரனுக்கு 12 வேண்டும். மந்திரவாதிக்கு முதல் நிலையில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அது தூக்க மந்திரமாக இருக்கட்டும். ஒரு குகை நிறைய ஓர்க்குகளைத் தப்பிப்பு உருட்டலுக்கே வழியில்லாமல் சாய்த்துவிடும். முதல் நிலையில் குழுவின் கையில் உள்ள மிகப் பெரிய ஆயுதம் அதுதான், ஆகவே அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். மதகுருவுக்கு முதல் நிலையில் மந்திரமே கிடையாது. ஆனால் எலும்புக்கூடுகளைத் துரத்த இரண்டு பகடையில் 7 விழுந்தால் போதும்.

கையில் இருக்கும் பொன்னுக்கு என்ன வாங்குவது?

மூன்று பகடையைப் பத்தால் பெருக்கினால் உங்கள் பொன். சராசரியாக 105 கிடைக்கும்.

போர்வீரன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தகட்டுக் கவசம் வாங்குங்கள். 60 பொன். கேடயம் 10. கவசமே இல்லாதவனை ஓர்க் வெட்டினால் நூறில் 55 முறை படும். தகட்டுக் கவசமும் கேடயமும் இருந்தால் 20 முறைதான் படும். இந்த விலைக்கு இதைவிட நல்ல ஆயுள் காப்பீடு அந்த உலகத்தில் கிடையாது. வாள் 10 பொன்.

மிச்சமுள்ள 25 பொன்னில்தான் நிஜமான விளையாட்டு இருக்கிறது. ஆறு தீவட்டி 1 பொன். ஐம்பதடிக் கயிறு 1 பொன். இரும்பு முளை பன்னிரண்டு 1 பொன். பத்தடி மரக்கழி 1 பொன். தீப்பெட்டிக்குப் பதிலாகச் சிக்கிமுக்கிப் பெட்டி 3 பொன். முதுகுப்பை 5. எண்ணெய்க் குப்பி ஒன்று 2. இவ்வளவு வாங்கியும் சாப்பாட்டுக்கு மீதம் இருக்கும்.

இவற்றில் பலரும் ஒதுக்கிவிடுவது இரும்பு முளை. நிலவறைக் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ளும் இயல்புடையவை. நீங்கள் உள்ளே போன கதவு, நீங்கள் ஓடிவரும்போது மூடியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதன் அடியில் ஒரு முளையைச் செருகிவிட்டுப் போனால் அந்தக் கவலை இல்லை. எண்ணெயும் அப்படித்தான். கொளுத்தி எறிந்தால் எட்டுமுகப் பகடை அளவு காயம், இரண்டு ரவுண்டுகளுக்கு (சண்டைச் சுற்றுகளுக்கு). துரத்தி வருபவர்களுக்கு முன்னால் தரையில் ஊற்றிப் பற்றவைத்தால் குறுகிய பாதை அடைபட்டுவிடும்.

‘நடுவரிடம் கேள்வி கேளுங்கள்’ என்கிறீர்கள். என்னவென்று கேட்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். போன மழைக்காலத்தில் நான் நடத்திய ஆட்டத்தில் நடந்தது. நான் சொன்னேன்:

“பத்தடி அகலக் கல்பாதை வடக்கே போகிறது. இருபதடி தள்ளி ஒரு மரக்கதவு. கதவுக்கு முன்னால் தரை மட்டும் சுத்தமாக இருக்கிறது.”

“சுத்தம் என்றால்? யாரோ பெருக்கியது போலவா?”

“தூசி இல்லை. மற்ற இடங்களில் ஒரு விரற்கடை உயரம் தூசி படிந்திருக்கிறது.”

“காலடித் தடம் ஏதாவது?”

“இருக்கிறது. இடப்பக்கச் சுவரை ஒட்டி மட்டும், ஒற்றை வரிசையாக.”

“தோல்பையில் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் அந்தச் சுத்தமான இடத்தில் ஊற்றுகிறேன். எந்தப் பக்கம் ஓடுகிறது?”

“எந்தப் பக்கமும் ஓடவில்லை. நேர்க்கோடாக ஓர் இடுக்கில் இறங்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே எங்கோ சொட்டும் சத்தம்.”

அங்கே இருந்தது ஒரு பொறிக்குழி. பத்தடி ஆழம்; விழுந்தால் ஆறுமுகப் பகடை அளவு காயம். முன்னால் நடந்த போர்வீரனிடம் இருந்ததோ 3 புள்ளி. விழுந்திருந்தால் ஆறில் நான்கு வாய்ப்பில் இறந்திருப்பான். இத்தனைக்கும் அந்த மேசையில் யாரும் பகடையைத் தொடவில்லை. அதோடு இன்னொரு விஷயமும் அவர்களுக்குத் தெரிந்துபோனது: சுவரோரம் நடந்துபோகத் தெரிந்த யாரோ அந்தக் கதவுக்குப் பின்னால் குடியிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கதவைத் தட்டித் திறக்காமல் காதை வைத்துக் கேட்டார்கள்.

கவனித்தீர்களா, அவர்கள் கேட்ட எல்லாமே கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எட்டுகிறவை. என்ன வாசனை? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? கீல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? சாம்பலைத் தொட்டால் சுடுகிறதா? கூரை எவ்வளவு உயரம்? ‘பொறி இருக்கிறதா என்று பார்க்கிறேன்’ என்று பொதுவாகச் சொன்னால் நடுவர் பகடையை எடுப்பார். ‘கழியின் நுனியால் மூன்றாவது படியை அழுத்துகிறேன்’ என்று சொன்னால், அந்தப் படியில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பொறிகளைக் கண்டுபிடிக்கத்தான் திருடன் இருக்கிறானே?

முதல் நிலைத் திருடன் பொறி கண்டுபிடிக்கும் வாய்ப்பு 10 சதவீதம். பூட்டைத் திறப்பது 15. சுவர் ஏறுவது மட்டும் 87. ஆகவே அவனைச் சுவர் ஏறச் சொல்லுங்கள். பொறியை எல்லோருமாகச் சேர்ந்து தேடுங்கள். பகடை என்பது உங்கள் யோசனை எதுவும் பலிக்காதபோது கிடைக்கும் கடைசி வாய்ப்பு.

சண்டை போடாவிட்டால் அனுபவப் புள்ளி எப்படிக் கிடைக்கும்?

பொன்னிலிருந்து கிடைக்கும். பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. ஓர் ஓர்க்கை வீழ்த்தினால் 10 புள்ளி. அதையும் குழுவுக்குள் பங்கிட வேண்டும். போர்வீரன் இரண்டாம் நிலைக்குப் போக 2,000 புள்ளி வேண்டும். தனி ஆளாக ஓர்க்குகளை மட்டும் வெட்டி அதை எட்ட 200 ஓர்க்குகள் வேண்டும்! அதே 2,000 புள்ளி, தூங்குகிற ஒரு பூதத்தின் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டியில் ரத்தினங்களாக இருக்கலாம். அதை எழுப்பாமல் எடுத்து வந்தவருக்குக் கிடைப்பதும், அதோடு மோதிப் பாதிப் பேரை இழந்து எடுத்து வந்தவருக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய ஒன்றேதான்.

இந்த ஒரு விதி புரிந்துவிட்டால் ஆட்டம் முழுவதும் வேறாகத் தெரியும். நீங்கள் படை அல்ல, கன்னக்கோல் போட வந்தவர்கள்.

செப்புக்காசைச் சுமக்காதீர்கள். நூறு செப்பு சேர்ந்தால்தான் ஒரு பொன். எல்லாக் காசுக்கும் எடை ஒன்றுதான். மூட்டை கனத்தால் நடை தளரும். தளர்ந்த நடையோடு எதையும் விட்டு ஓட முடியாது.

எதிரே ஓர்க் கூட்டம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் தொலைவைக் கேளுங்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள், அவர்கள் உங்களைப் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் வந்த வழியே போய்விடலாம்.

பார்த்துவிட்டாலும் வாளை உருவ வேண்டாம், பேசுங்கள். நடுவர் இரண்டு பகடை உருட்டி அவர்களுடைய மனநிலையைத் தீர்மானிக்கிறார். 2 விழுந்தால்தான் உடனடித் தாக்குதல். அதன் வாய்ப்பு 36-இல் ஒன்று. 3 முதல் 5 வரை பகை, தாக்கவும் கூடும். 6 முதல் 8 வரை என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரியாத நிலை. அதற்கு மேல் என்றால் பேரம் பேசலாம். அந்த நடுவிலுள்ள ‘தெரியாத நிலை’தான் அடிக்கடி விழும், நூறில் 44 முறை. அப்போது கையைத் தூக்கி நின்று, “பக்கத்துக் குகைக்காரர்களைத் தேடி வந்தோம், உங்களோடு எங்களுக்கு வம்பில்லை” என்று சொன்ன குழு, கையில் இருந்த உப்பிட்ட இறைச்சியைக் கொடுத்துவிட்டுக் கடந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். போகும்போது அந்தப் பக்கத்துக் குகைக்காரர்களைப் பற்றி நிறையச் செய்தியும் வாங்கிக்கொண்டார்கள்.

சண்டை மூண்டேவிட்டால், எல்லோரையும் கொல்ல வேண்டும் என்று நினைக்காதீர்கள். எதிரிகளுக்கும் உயிர்ப்பயம் உண்டு. அவர்களில் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் மன உறுதியைச் சோதிக்க நடுவர் இரண்டு பகடை உருட்டுகிறார். காப்ளின் என்ற குட்டி அரக்கனின் மன உறுதி 7. அதற்கு மேல் விழுந்தால் ஓடிவிடும் அல்லது சரணடையும். அதற்கு நூறில் 42 வாய்ப்பு. ஆகவே எல்லோரும் சேர்ந்து ஒரே ஆளை முதலில் வீழ்த்துங்கள்.

ஓட நேர்ந்தால் எதையாவது பின்னால் போட்டுவிட்டு ஓடுங்கள். பசித்த மிருகத்துக்கு உணவு, புத்தியுள்ள எதிரிக்குக் காசு. நின்று பொறுக்குவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

நேரத்தை ஏன் இவ்வளவு கறாராக எண்ணுகிறார் நடுவர்?

நிலவறையில் நேரம் பத்து நிமிடத் துண்டுகளாக நகர்கிறது. ஒரு துண்டுக்கு ஒரு டர்ன். தீவட்டி ஆறு டர்ன் எரியும். லாந்தர் ஒரு குப்பி எண்ணெயில் இருபத்துநான்கு டர்ன். ஆறில் ஒரு டர்ன் ஓய்வெடுக்க வேண்டும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை நடுவர் ஒரு பகடை உருட்டுகிறார். 1 விழுந்தால் ஏதோ ஒன்று உங்களைத் தேடி வருகிறது. ஒரு தீவட்டி எரிந்து முடிவதற்குள் மூன்று முறை இந்த உருட்டல். குறைந்தது ஒரு தடவையாவது ஏதாவது வருவதற்கு 42 சதவீத வாய்ப்பு. அப்படி வருகிறவர்களிடம் பெரும்பாலும் புதையல் இருக்காது, பல் மட்டும்தான் இருக்கும்.

முன்னே சொன்னபடி ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் என்ன தவறு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சந்தேகத்துக்குக் காரணம் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். மற்ற இடத்தில் நடங்கள்.

வரைபடம் போட்டே ஆக வேண்டுமா?

ஆம். கட்டம் போட்ட தாள், பென்சில், ஒரு கட்டத்துக்குப் பத்தடி. அழகு வேண்டாம், வாசலுக்குத் திரும்பத் தெரிந்தால் போதும்.

கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமா?

நடுவர் அனுமதித்தால் வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக் கவர்ச்சி உள்ளவனே நான்கு பேர் வரை வைத்துக்கொள்ளலாம். தீவட்டி பிடிக்க ஒரு கை கூடுதலாக இருப்பது பெரிய விஷயம். வாளும் கேடயமும் பிடித்தவனுக்கு மூன்றாவது கை கிடையாது. ஆனால் அவர்களைப் பொறிகளின் மேல் முதலில் நடக்கவிடும் பழக்கத்தை நான் என் மேசையில் பொறுத்துக்கொள்வதில்லை. விதியும் அதை மன்னிப்பதில்லை. கேவலமாக நடத்தினால் அவர்களுடைய விசுவாசம் குறையும், ஊரில் பெயர் கெடும், அடுத்த முறை கூலிக்கு ஆள் கிடைக்காது. சொன்ன பங்கைச் சொன்னபடி கொடுங்கள். என் குழுவில் ஒரு தீவட்டிக்காரப் பெண் மூன்று பயணம் உயிரோடு திரும்பி, ஒரு வீரன் இறந்த பிறகு முழுப் பாத்திரமாகவே மாறினாள். எல்லோருக்கும் அவள்மேல் தனிப் பிரியம்.

எதைக் கண்டால் யோசிக்காமல் பின்வாங்க வேண்டும்?

விஷமுள்ள எதுவும், ஒரு கடியில் முடிந்துவிடும். தொட்டால் உடலை மரத்துப்போகச் செய்யும் கூல் பேய்கள். எட்டு உணர்கொம்புகளோடு சுவரிலும் கூரையிலும் ஊரும் பிணந்தின்னிப் புழு. தன் தொடுகையால் ஒருவனின் நிலையையே குறைத்துவிடும் வைட் என்ற உயிர்ப்பிணம். கூரையிலிருந்து சொட்டும் பச்சைக் கூழ். அது மரத்தையும் உலோகத்தையும் கரைக்கும், கல்லை ஒன்றும் செய்யாது.

எப்போது வெளியேறுவது?

தீவட்டிகளில் பாதி தீர்ந்தபோது. அல்லது தூக்க மந்திரம் செலவானபோது. அல்லது ஒருவர் இறந்தபோது. இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அப்போது. முழு நாள் ஓய்வெடுத்தால்கூட 1 முதல் 3 புள்ளிதான் ஆறும், ஆகவே ‘ஓரமாகக் கொஞ்சம் படுத்து எழுந்து தொடரலாம்’ என்பது இங்கே நடக்காது. “இன்னும் ஒரே ஒரு அறை” என்று யாராவது சொன்னால், அவர் பையில் எத்தனை தீவட்டி இருக்கிறது என்று கேளுங்கள்.

முதல் சாகசமாக எதை ஆடுவது? விதிநூல் எங்கே கிடைக்கும்?

கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’. பேசிக் பெட்டியோடு சேர்த்தே விற்ற சாகசம். பக்கத்தில் ஒரு கோட்டை, அங்கே கடையும் விடுதியும். சற்றுத் தொலைவில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் இருபுறமும் குகைகள், குகைக்கொரு கூட்டம். ஒரு கூட்டத்தோடு பேசி இன்னொன்றை எதிர்க்கலாம். விடுதியில் வதந்திகள் கிடைக்கும். அவற்றில் சில பொய். எவை என்று சொல்லமாட்டேன், நீங்களே ஆடிக் கண்டுபிடியுங்கள். ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ புகழ்பெற்றதுதான், ஆனால் அது கைதேர்ந்தவர்களைச் சோதிப்பதற்காக எழுதப்பட்டது. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விதிகளுக்கு ‘பேசிக் ஃபேன்டஸி’ இணையத்தில் முழுமையாக இலவசம். பி/எக்ஸ் விதிகளை ஒழுங்குபடுத்தித் தரும் ‘ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ நூலின் அடிப்படை விதிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

என் பாத்திரம் இறந்துவிட்டது. ஆசையாக உருவாக்கினேன். என்ன செய்வது?

வருத்தமாகத்தான் இருக்கும். என் முதல் பாத்திரம் 4 புள்ளியுள்ள ட்வார்ஃப். மூன்று ஆட்டம் உயிரோடு இருந்தான். ஒரு படிக்கட்டின் அடியில் பச்சைக் கூழ் தோளில் சொட்டியது. அதை எடுக்க எங்கள் கையில் இருந்த ஒரே வழி நெருப்பு. சுட்டால் காயத்தில் பாதி கூழுக்கு, பாதி ஆளுக்கு. சுடாவிட்டால் ஓரிரு நிமிடத்தில் ஆளே கூழாகிவிடுவான். “சுடுங்கள்” என்று நானே சொன்னேன். தீவட்டியை வைத்தார்கள். பிழைக்கவில்லை. மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதன் பிறகு செய்ய வேண்டியது இதுதான்: மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடரட்டும், நீங்கள் ஒரு தாளை எடுத்துப் பகடையை உருட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அடுத்த அறையில் கட்டிப்போடப்பட்ட கைதியாகவோ, வழிதவறிய வேறொரு குழுவின் ஆளாகவோ உங்களை நடுவர் உள்ளே கொண்டுவந்துவிடுவார். இறந்தவனுடைய பொருட்களைக் குழு பகிர்ந்துகொள்ளலாம். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

எங்கள் வரைபடத்தில் அந்தப் படிக்கட்டின் பக்கத்தில் அவன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். அந்த இடம் வந்தால் யாராவது ஒருவர், எந்தப் பாத்திரமாக இருந்தாலும், “விளக்கை உயர்த்திக் கூரையைப் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குகிறார்.